பின்புறம் வெட்டப்பட்ட ராஜ உடைகள்

1. உள்ளே போகாத கை

எங்கள் குழந்தைகள் நாடகக் குழுவின் முதல் நாடகம் தொடங்க இரண்டு மணி நேரம் இருந்தது. ராஜா வேஷக்காரன் நிகில், நான் தைத்த அங்கிக்குள் ஒரு கையை விட்டுக்கொண்டு நின்றான். இன்னொரு கை உள்ளே போகவில்லை.

"ஆன்ட்டி, டைட்டா இருக்கு."

"மூச்சைப் பிடிடா" என்றேன். பிடித்தான். அப்போதும் போகவில்லை. அந்தப் பக்கம் மந்திரிக்குப் பட்டன் எட்டவில்லை. சேவகனுக்குக் கால்சட்டை முழங்காலில் நின்றது.

இப்போது குழுவில் துணி வேலைக்கு வந்திருக்கும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். எண்கள் மட்டும் தடங்கலில்லாமல் வரும். இந்த அரபு நாட்டில், அல் குசைஸில் ஒரு கடையில் இருபத்திரண்டு வருடம், இங்கத்துப் பெண்கள் உடைக்கு மேல் போடும் அபாயா அங்கி தைத்தேன். ஒன்றுகூட அளவு சரியில்லை என்று திரும்பி வந்ததில்லை. அந்தப் பெருமையில்தான், ட்ரயல் வைக்கலாமா என்று கேட்ட சேகரிடம், என் கைக்கு ட்ரயல் எதற்கு என்று சொல்லிவிட்டேன். அபாயா தொளதொளவென்று யாருக்கும் பொருந்தும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

சேகர் ஜெபல் அலியில் கிடங்கு வேலை பார்ப்பவர், குழுவைத் தொடங்கியவர். பிள்ளைகள் தமிழ் பேசட்டும் என்று ஒன்பது பேரைச் சேர்த்திருந்தார். பெற்றோர் ஒரே ஒரு தடவை பார்க்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள். சரியில்லை என்றால் நீச்சல் வகுப்புக்கு மாற்றிவிடுவார்கள். அத்தோடு குழு கலாஸ், முடிந்தது.

"அளவு எடுத்தீங்கல்லம்மா?"

"எடுத்தேனே தம்பி. ஜூன்ல."

அவர் என்னையே பார்த்தார். "அதுக்கப்புறம் ரெண்டு மாசம் பூராப் பயலும் ஊருக்குப் போய்ட்டு வந்திருக்கானே, அம்மா."

நான் ஏசி அறையில் உட்கார்ந்து தைத்த அந்த இரண்டு மாதமும் பிள்ளைகள் சொந்த ஊரில் சாப்பிட்டு வளர்ந்திருக்கிறார்கள். அது எனக்குத் தோன்றவே இல்லை.

2. முதுகு காட்டாத அரசவை

கத்தரிக்கோலை எடுத்து ஒன்பது உடைக்கும் பின்பக்கம் கழுத்திலிருந்து இடுப்புவரை வெட்டினேன். வெட்டிய ஒவ்வொன்றும் என் கையைத் திட்டியது. வந்திருந்த அம்மாக்களிடமெல்லாம் ஊக்கு வாங்கி, எலாஸ்டிக்கால் இழுத்துக் கட்டினோம். யாரும் சபைக்கு முதுகு காட்டக்கூடாது, மேடையை விட்டுப் போகும்போது பின்னோக்கியே நடந்து போகவேண்டும் என்று சேகர் சொல்லிக்கொடுத்தார்.

மந்திரி கும்பிட்டுக்கொண்டே பின்னோக்கி நடந்து போனான். ராஜாவுக்கு எவ்வளவு மரியாதை பார் என்று முன்வரிசையில் ஒருவர் மெச்சியது திரைக்குப் பின்னால் எனக்குக் கேட்டது. நான் தலையை நிமிர்த்திக்கொண்டேன்.

கடைசிக் காட்சியில் திருடனைத் துரத்தும் வேகத்தில் நிகில் மறந்துபோய்த் திரும்பிவிட்டான். பனியன், ஊக்கு, எலாஸ்டிக் எல்லாம் வெளிச்சத்தில் தெரிந்தது. அரங்கமே சிரித்தது. இத்தனை பேர் உழைப்பும் என் தலைக்கனத்தால் போயிற்று என்று நினைத்தேன்.

நிகில் நின்றான். சபையைப் பார்த்து, மனப்பாடத்தில் இல்லாத ஒரு பேச்சைப் பேசினான்.

"ஏன் சிரிக்கிறீங்க? லீவுக்கு ஊருக்குப் போனேன். போன வீட்டுல எல்லாம் சாப்பிடு சாப்பிடுன்னாங்க. சாப்பிட்டேன்."

ஒத்திகைக்கு வெளியே அந்தப் பையன் நாலு வார்த்தை தமிழ் சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதில்லை. கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. அங்கே இருந்தவர்களில் ஊருக்குப் போய்ப் பெருத்து வராதவர் யார்?

முடிந்ததும் சேகரைச் சுற்றிப் பெற்றோர் நின்று, அடுத்த நாடகத்துக்குப் பிள்ளைகள் பெயரைக் கொடுத்தார்கள். ஒரு அம்மா தன் மகளை என்னிடம் இழுத்து வந்து, இப்போதே அளவு எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

"இப்ப வேண்டாம்மா" என்றேன். "வளர்ற பிள்ளை. நாடகத்துக்கு ஒரு வாரம் முன்னாடி எடுப்போம். போட்டுப் பார்த்துச் சரி பண்ணுவோம்."

ஏதோ பிறந்ததிலிருந்தே எனக்கு அது தெரியும் என்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டேன்.