வானத்தில் விட்ட புள்ளிகள்

ஒரு படத்தை யாராவது 'போட்டோ மாதிரியே இருக்கு' என்று புகழ்ந்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். போட்டோ மாதிரி வேண்டுமென்றால் போட்டோவையே எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே. இதை நான் முதன்முதலில் வாய்விட்டுச் சொன்னது எண்பதுகளின் கடைசியில், ஆரணியில், ஒரு பட்டுப்புடவைக் கடையின் மாடியில். எனக்குக் கிடைக்கவிருந்த வேலை அந்தப் பேச்சோடு போனது. அதற்காக நான் வருந்தியதாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அந்த மாடியில்தான் கடை முதலாளி கம்ப்யூட்டர் சென்டர் நடத்தினார். சென்டர் என்று பெயர் பெரிதே தவிர, இருந்தது ஒரே ஒரு மெஷின். அதற்குத் திரை ஒரு கலர் டிவி. எழுதியதைப் பதிந்து வைக்க, பாட்டுக் கேட்கிற சாதாரண டேப் ரெக்கார்டர். படம் என்று போட்டால் மொத்தம் நாலு நிறம்தான் வரும். அப்போது நான் புடவை டிசைன்களைக் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக வரைந்து கொடுத்து, அந்தக் கூலியில் அங்கே படித்துக்கொண்டிருந்தேன். என் தாளில் கட்டம் நிரப்பினால் அது தறியில் பூவாகிறது. இங்கே எண்ணைத் தட்டினால் கண்ணெதிரே கட்டம் ஒளிர்கிறது. அதைப் பார்த்த நாள் முதல் எனக்குக் கிறுக்குப் பிடித்த மாதிரிதான். கோர்ஸ் முடிந்துவிட்டால் அந்த மெஷினை இனி யார் தொட விடுவார்கள் என்பதே என் கவலை. ஊரில் வேறு மெஷின் இருந்ததாக எனக்குத் தெரியாது.

அந்த நேரத்தில்தான் சென்டரில் பாடம் சொல்லிக்கொடுக்க முதலாளிக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. ஆயுத பூஜை வந்துகொண்டிருந்தது. அன்று தறிகள் ஓடாது, ஊரே மாடியேறி மெஷினைப் பார்க்க வரும்.

"அன்னிக்கு இதுல தேவிகாபுரம் மலை தெரியணும். பாக்கறவன் போட்டோன்னு நம்பணும். யாரு அப்படி போடறாங்களோ அவங்களுக்குத்தான் வேலை" என்றார்.

நானும், பி.எஸ்ஸி. முடித்திருந்த ஒரு பையனும் போட்டியில் இறங்கினோம். அவன் மலையைப் போட்டோ எடுத்து, மேலே மெல்லிய கிராஃப் தாளை வைத்து, இருட்டு எங்கே, வெளிச்சம் எங்கே என்று ஒவ்வொரு கட்டமாகப் பெயர்த்து எழுதினான். நல்ல உழைப்பு, பொய் சொல்ல மாட்டேன். பாறைக்குப் பாறை சரியாக இருந்தது. ஆனால் அந்தப் பாறைகளைப் பார்த்தது கேமரா, அவன் அல்ல.

நான் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். தூரத்தில் வரும்போது மலை நீலமாக இருக்கும். கிட்டே போய் நின்றால் பாறையும் முள்செடியுமாக வேறு மலை. எனக்கு அந்த நீல மலைதான் வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன். வீட்டில் உட்கார்ந்து கிராஃப் போட்டேன், மெஷினில் எண்களாக அடித்தேன், படம் வந்தது.

வந்ததும் அந்தப் பையன் சிரித்தான். "இன்னாங்க இது, வானத்துக்கு அம்மை போட்ருக்குதா?"

அப்போதுதான் கவனித்தேன். வானம் முழுக்க, மலை முழுக்க, நடுநடுவே ஒரு கட்டம் காலி. என் கைப்பழக்கம் செய்த வேலை அது. புடவையில் பெரிய மயில் வரைந்தால் உள்ளே முழுக்க நிரப்ப மாட்டோம். ஜரிகை ஒரே நீட்டாக ஓடினால் பிடிப்பில்லாமல் மேலே மிதக்கும், கட்டுகிறவளின் வளையலில் மாட்டி இழுபடும். அதனால் ஆங்காங்கே ஒரு கட்டத்தை விட்டுவிடுவோம், அந்த இடத்தில் நூல் வந்து ஜரிகையைப் பிடித்துக்கொள்ளும். திரையில் நூலும் இல்லை, ஜரிகையும் இல்லை, வளையலும் இல்லை. இருந்தும் வானம் எங்கே மிதந்துவிடுமோ என்று பிடிப்பு வைத்திருந்தேன்.

வெட்கமாகத்தான் இருந்தது. ஒவ்வொன்றாக நிரப்பினேன். நிரப்ப நிரப்ப மலை செத்துக்கொண்டே வந்தது. கடைசியில் கட்சிக்கொடி மாதிரி மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம். புள்ளிகள் இருந்தபோது நீலமும் கறுப்பும் கலந்து, அந்த மெஷினிடம் இல்லாத ஐந்தாவது நிறம் ஒன்று கண்ணுக்குத் தெரிந்திருந்தது. பஸ்ஸிலிருந்து நான் பார்த்த நிறம் அதுதான். மறுபடி எல்லாப் புள்ளிகளையும் காலியாக விட்டேன், இந்த முறை வேண்டுமென்றே. அடிவாரத்தில் நெருக்கமாக, மேலே போகப் போக அகலமாக. கேசட்டில் பதிந்தேன். கேசட் என்னுடையது, அதில் இருந்த பக்திப் பாட்டின் மேல் பதிந்தேன், சாமி கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஆயுத பூஜை அன்று காலை, மெஷினுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து மாலை போட்டிருந்தார்கள். கூட்டம் வரும் முன் முதலாளி இரண்டு படத்தையும் பார்த்தார். என்னுடையதைக் கொஞ்ச நேரம் கூடவே பார்த்தார்.

"மலை நல்லாத்தான் இருக்குது. இந்தப் புள்ளிங்கள மட்டும் ரொப்பிடும்மா. வேலை உனக்குத்தான்."

"அது இருக்கட்டுங்க. அது தப்பு இல்ல."

"நெஜ மலையில புள்ளி இருக்குதா? போட்டோல இருக்குதா?"

"போட்டோ மாதிரி வேணும்னா போட்டோவையே மாட்டிடுங்க. இதுக்கு எதுக்கு மெஷினு?"

அவர் முகம் மாறியது. "ஊரோட ஒத்துப்போம்மா. ஜனங்க வந்துகினு இருக்காங்க, பேஜார் பண்ணாத." பிறகு அந்தப் பையனிடம் திரும்பினார். "நீ ரொப்பிடுப்பா. ஜல்தி."

அவன் தயங்கித்தான் நாற்காலியை இழுத்தான். அவன் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அவன் விரல் படுவதற்குள் நான் சுவிட்சை அணைத்தேன். மலை போனது, வானம் போனது, சந்தனம் வைத்த டிவி இருட்டாக நின்றது. டேப் ரெக்கார்டரிலிருந்து என் கேசட்டை எடுத்துக்கொண்டேன். வேலையும் மெஷினும் அத்தோடு சரி என்று தெரிந்தேதான் படியிறங்கினேன். திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டில் அப்பா தறிக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். அவர் அந்தக் கடை மாடிப்பக்கம் போனதே இல்லை, கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்ததும் இல்லை.

"இன்னா, வேலை கெடச்சுதா?"

"வேணாம்னுட்டேன்."

"ஏன்?"

"வானத்துல விட்ட புள்ளி எல்லாத்தையும் ரொப்பச் சொன்னாங்க."

அப்பா குங்குமக் கிண்ணத்தோடு நிமிர்ந்தார். அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

"ரொப்பினா மிதக்குமே. அது கூடவா தெரியல அவனுக்கு?"

கம்ப்யூட்டரில் நூலே கிடையாது என்று நான் அவரிடம் சொல்லவில்லை.