படியிறங்கும்போது ஒரு தும்மல்

தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறவன் நான். ஆனால் என் மனைவிக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த அந்த ஒரு மாதம் நல்ல வாத்தியாராகவும் இல்லை, நல்ல கணவனாகவும் இல்லை. நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு வேலைக்கு அவளுக்கு நேர்முகத் தேர்வு. கிடைத்தால் அங்கேயே தங்கவேண்டும். மாதத்தில் நான்கு நாள்தான் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு வருவாள். எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது.

தயக்கத்தைச் சொல்லும் வினைகளில்தான் அவள் இடறினாள்.

"ஒரு வேலைய செய்யத் தயங்குனா 'ஹெசிடேட் டு'. ஒரு விஷயத்த பத்தித் தயங்குனா 'ஹெசிடேட் எபவுட்'. ரெண்டுக்கு நடுவுல தடுமாறுனா 'வேவர் பிட்வீன்'. எத்தன தடவ சொல்றது?"

அவள் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டே, "ஒரு தயக்கத்துக்கு இத்தன வாலா? நம்ம பக்கம் 'பாப்போம்'னா முடிஞ்சிருமேங்க" என்றாள்.

"அங்க போயி 'பாப்போம்'னு சொல்லு, வெளங்கிரும்" என்று எரிந்து விழுந்தேன். அவள் முகம் வாடிவிட்டது. என் கோபம் அவள் ஆங்கிலத்தின் மேல் இல்லை என்பது அப்போதே எனக்குத் தெரியும்.

எங்கள் லயத்தில் ஒருவர் புறப்படும்போது யாராவது தும்மினால், திரும்பி வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவார்கள். இதையெல்லாம் கேலி செய்கிறவன் நான். தேர்வு நாள் காலையில் அவள் சாமி கும்பிட்டு, சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு படியிறங்கியதும், நான் தும்மினேன்.

சளியும் இல்லை, தூசியும் இல்லை. நானாக வரவழைத்த தும்மல்.

அவள் உள்ளே வந்து உட்கார்ந்தாள். செம்பில் தண்ணீர் கொடுத்தேன். கீழே வளைவில் ஹார்ன் அடித்துக்கொண்டு பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் போனால் நேரத்துக்குப் போய்ச் சேரமுடியாது. எனக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது.

"ஒங்க தும்மல் எனக்குத் தெரியாதா? நெசமா தும்முனா லயமே அதிரும்" என்றாள். செம்பைக் கீழே வைத்தாள். "எனக்கும் போக மனசில்லதாங்க. ஆனா போகணும்."

ஓடிப்போய் அடுத்த லயத்து ஆட்டோவைக் கூட்டிவந்தேன். ஏறி உட்கார்ந்தவள் தலையை வெளியே நீட்டினாள்.

"ஐ ஹெசிடேட் டு கோ. சரியா, வாத்தியாரே?"

"சரி" என்றேன்.

வேலை கிடைத்துவிட்டது. இப்போது மாதத்தில் நான்கு நாள் வருகிறாள். திரும்பிப் போகும் காலைகளில், நிஜமாகவே தும்மல் வந்தாலும், ஆட்டோ வளைவைத் தாண்டும்வரை மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறேன்.