எருமையும் ஒரு கேஸ்தான்

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் திருச்செங்கோட்டில் ஒரு ரிக் வண்டியில் இருந்தேன். ஆழ்துளைக் கிணறு போடும் வண்டி. மழை இல்லாத மாதங்களில் மத்தியப் பிரதேசம் வரைக்கும் போவோம். அதற்கு முன் பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டியிருக்கிறேன், கரும்பு வெட்டியிருக்கிறேன், லாரியில் கிளீனராகச் சுற்றியிருக்கிறேன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. எந்த வேலையிலும் கால் ஊன்றி நின்றதில்லை. சுற்றியதில் கிடைத்தது கொஞ்சம் இந்தி. அந்த இந்திதான் என் இடுப்புக்குத் துப்பாக்கியைக் கொண்டுவரப் பார்த்தது.

அந்த வருஷம் வடக்கே ஒரு மலைப்பாதையில் எங்கள் ஊர் ரிக் ஒன்றை மறித்து, அதன் மேனேஜரை அடித்துப்போட்டு, கையிலிருந்ததைப் பறித்துக்கொண்டு போனார்கள். அவர் மண்டையில் தையலோடு ஊர் வந்து சேர்ந்தார். ரிக்காரர்கள் எல்லோரும் பயந்தோம். பயந்ததில் தவறில்லை. ரோட்டோரம் தார்ப்பாய்க்குக் கீழே படுத்துத் தூங்குகிறவர்கள் நாங்கள்.

என் முதலாளி ஒரு யோசனை சொன்னார். ஒவ்வொரு ரிக்கிலும் ஒருவன் சட்டைக்குள் கைத்துப்பாக்கி மறைத்து வைத்திருக்க வேண்டும். முதலாளிகள் எல்லோரும் சேர்ந்து லைசென்ஸ் கேட்டு மனுக் கொடுப்பது. அது வரும்வரை வடக்கே கிடைக்கும் கள்ளத் துப்பாக்கியை வாங்கிக்கொள்வது. எங்கள் வண்டிக்கு ஆள் நான்.

"பாஷை தெரிஞ்சவங்கிட்ட இருந்தாத்தான் சாமி மிரட்ட முடியும்" என்றார்.

பிடிபட்டால் பேர் தெரியாத ஊர் ஜெயிலில் கிடக்கப்போவதும் பாஷை தெரிந்தவன்தான். அதைச் சொல்ல வாய் வரவில்லை. அந்த வேலையை விட்டால் அப்போது எனக்கு வேறு சோறு இல்லை.

மனு எடுபட வேண்டுமானால் ஓர் எண் வேண்டும் என்று முதலாளி நினைத்தார். வைகாசித் தேருக்கு ஊர் திரும்பிய வண்டி ஆட்களையெல்லாம் பிடித்து ஒரே கேள்வி கேட்டார்: "போன சுத்துல எத்தன கேஸ்?" எல்லோரும் சொன்னோம். கூட்டிக்கொண்டார்.

கூட்டம் அவருடைய ஷெட்டில் நடந்தது. முதலாளிகள் நாற்காலியில், நாங்கள் இரும்புக் குழாய்களின் மேல். என் முதலாளி எழுந்து அந்த எண்ணைச் சொன்னார். அதை நான் இங்கே எழுத மாட்டேன். யாராவது எடுத்து மறுபடி சொல்லத் தொடங்கிவிடுவார்கள். கேட்டதும் ஷெட்டே உச்சுக் கொட்டியது.

"இத்தன வழிப்பறிக்குப் பொறவும் கையக் கட்டீட்டு நிக்கோணுமா? நம்ம மாமன் வண்டியில மட்டுந்தான் துப்பாக்கி இருக்குது. அதுல ஒரு கேஸ் உண்டா? சொல்லுங்க பாப்போம்!" என்றார்.

பின்னாலிருந்து ஒரு டிரைவர், "அந்த வண்டி இஞ்சின் செத்து வருசம் பூரா இந்த ஷெட்டுலதானுங்க நின்னுது" என்றார். "இங்க எந்தத் திருடனுங்க வருவான்?"

எல்லோரும் சிரித்தார்கள், அந்த வண்டியின் சொந்தக்காரரான மாமன் நீங்கலாக.

எனக்கு அந்த எண் உறுத்தியது. இத்தனை களவு நடந்திருந்தால் எங்கள் காதுக்கு வராமலா போகும்? எங்கள் பேச்சில், போலீஸ்காரர் பேனாவைத் திறந்தாலே கேஸ்தான். பின்விளக்கு எரியாவிட்டால் கேஸ். குழாய் அளவுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் கேஸ். பயந்துகொண்டே கேட்டேன்.

"ஏனுங்க, அந்த எருமை கேசும் இதுல சேந்துதுங்களா?"

"எந்த எருமைடா?"

"நம்ம வண்டியில அடிபட்டுச் செத்துப்போச்சுங்களே, அதுங்க. நீங்க எத்தன கேஸுன்னீங்க. நான் அதையுஞ் சொன்னனுங்க."

"அப்ப என்ற லைட்டு கேசு?" என்றார் டிரைவர். மறுபடி சிரிப்பு. முதலாளி முகம் சுண்டிப்போய், "உக்கார்றா" என்றார்.

நான் உட்கார்ந்தேன். தையல் போட்ட மேனேஜர் எழுந்தார்.

"என்ற மண்டையையும் எருமையையும் ஒண்ணாக் கூட்டிப்போட்டீங்களாங்க?"

இதற்கு யாரும் சிரிக்கவில்லை.

"எனக்கு நடந்தது நெசமுங்க. பயப்படறதுக்கு அது பத்தாதுங்களா? நாளைக்கு எவனாச்சும் கெளறிப் பாத்தா எருமைதான் வெளிய வரும். அப்பறம் என்னைய அடிச்சதையும் பொய்யும்பான்."

"உங்கிட்டத் துப்பாக்கி இருந்திருந்தா இப்பிடி ஆயிருக்குமா?" என்றார் முதலாளி.

"சோத்துல கை வெச்சுட்டு இருந்தனுங்க. பொறவால வந்து அடிச்சான். இருந்திருந்தா அதையும் எடுத்துட்டுப் போயிருப்பான்."

முதலாளி அதற்குப் பிறகு செய்ததைத்தான் நான் இன்றுவரை நினைத்துக்கொள்கிறேன். அங்கேயே ஒவ்வொரு வண்டி ஆளையும் கூப்பிட்டு, "உன்னுது என்ன கேஸ்?" என்று கேட்டார். விளக்கு, பெர்மிட், பாரம், சைக்கிள்காரன் மேல் உரசியது. எல்லோர் முன்னாலும் அந்த எண் தேய்ந்துகொண்டே வந்தது. களவு இல்லாமல் இல்லை. ஆனால் அவை கொஞ்சமே.

"நாந்தான் தப்பாக் கேட்டுப்போட்டேன். இவனுகளச் சொல்லிக் குத்தமில்ல" என்றார்.

பிறகு எத்தனையோ பேரிடம் வேலை பார்த்தேன். வேலைக்காரர்கள் நடுவே நின்று இப்படிச் சொன்ன முதலாளி இன்னொருவர் எனக்கு வாய்க்கவில்லை. மனு நின்றது. துப்பாக்கியும் நின்றது. மழை விட்டு வடக்கே போகும்போது இரண்டு வண்டி சேர்ந்தே போவது, இருட்டும் முன் பெட்ரோல் பங்கில் ஒதுங்கிவிடுவது என்று பேசிக்கொண்டார்கள். செலவு கூடும் என்று மாமன் முனகினார். மேனேஜர் மட்டும் அதற்குச் சரியென்று தலையாட்டினார்.

அந்தப் பயணத்தில் ஒரு செக்போஸ்டில், நல்ல வெயிலில், எங்களை இறக்கி வரிசையாக நிறுத்தினார்கள். முந்தின நாள் பக்கத்தில் எங்கோ கொள்ளை நடந்திருந்ததாம். கைகளைத் தூக்கி நின்றேன். போலீஸ்காரர் என் சட்டைக்குள் கைவிட்டு இடுப்பைச் சுற்றித் தடவினார். ஓர் இடத்தில் விரல் நின்றது.

"இது என்ன?" என்று இந்தியில் கேட்டார்.

சட்டையைத் தூக்கிக் காட்டினேன். அரைஞாண் கயிறு. போ என்று தோளில் தட்டினார்.

வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் கால் நடுங்கியது.

"என்ன மாப்ள, குளுருதா?" என்றார் டிரைவர்.

"ஆமா" என்றேன். திருச்செங்கோடு எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியவில்லை. பொத்தாம்பொதுவாக வெளியே பார்த்து, முதலாளிக்கும் மேனேஜருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டேன்.