இவரின் இசைத்தட்டை நான் விற்ற விதம்

இசைத்தட்டுக் கடையில் நிற்பவளுக்குக் காது இருக்கலாம், வாய் இருக்கக் கூடாது. கடை மேசைக்குப் பின்னால் நின்று கால் கடுத்த சகோதரிகளே, உங்களுக்கு இது விளங்கும். எண்பதுகளின் கடைசியில் லண்டனின் ஸ்ட்ரெதம் பக்கத்துக் கடையொன்றில் நின்றேன். என் கணவர் வாசித்த இசைத்தட்டே அங்கு விற்பனைக்கு வந்தது. இவர் என் கணவர் என்று நான் கடையில் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் வேலை போய்விடுமோ என்று பயம்.

அட்டைப் படம்

சைடகோ என்பது அமெரிக்காவின் லூசியானாப் பக்கத்துக் கறுப்பின மக்களின் ஆட்டப் பாட்டு. கையால் இழுத்து மூடி வாசிக்கும் அக்கோடியன் வேண்டும், நெஞ்சில் நெளித் தகரத்தைக் கட்டிக் கரண்டியால் சுரண்ட ஒரு ஆள் வேண்டும். யாழ்ப்பாணத்தில் மாதா கோயில் பாடகர் குழுவுக்கு அக்கோடியன் வாசித்த இவரை லண்டன் சைடகோக் குழுவொன்று சேர்த்துக்கொண்டது. மூன்று வாரம் ஸ்டூடியோவிலேயே கிடந்தார். நான் நாலு மாதக் குழந்தையோடு பிளாட்டில் கதவுச் சங்கிலியைப் பார்த்தபடி இருந்தேன்.

அட்டையில் இவர் தோளில் பாடகி ரோசலினின் முழங்கை. எங்கள் கல்யாணப் படத்தில் ஒளித்துவைத்த பல்லெல்லாம் தெரிய இவர் சிரிக்கிறார். முதலாவதாக வாங்கிய தொப்பிக்காரர் கேட்டார்: "நல்ல சோடி! கல்யாணம் கட்டி எத்தனை வருசமாம்?"

இடமாற்றம்

அன்றைக்கே அந்த இசைத்தட்டுகளையெல்லாம் தூக்கித் தேவாலயப் பாட்டு அடுக்கின் பின்னால் சொருகினேன். கன்னியர் மடத்தில் படித்தவள் பொய் சொல்ல மாட்டேன், இடத்தைத்தான் மாற்றினேன்.

மாதா பாட்டுத் தேடிக் கோலியர்ஸ் வுட்டிலிருந்து வந்தார், எங்கள் தேவாலயத்துக்கு வரும் பிலோமினா அக்கா. "எடி பிள்ளை, இது உம்மட மனுசனெல்லே! மூண்டு தாரும்." அடுத்த ஞாயிறு பூசை முடியத் தேவாலயத்துப் பங்கு மண்டபத்தில் அதைப் போட்டார். சனம் தேத்தண்ணிக் கோப்பையோடு ஆடியது. அக்கா என் காதுக்குள் சொன்னார்: "அந்தப் பாடுற பெட்டையோட எவ்வளவு ஒத்து வாசிக்கிறார்! நீர் குடுத்து வைச்சனீர்."

விமர்சனம்

ஒரு பத்திரிகை, அக்கோடியனும் குரலும் காதலரைப்போல ஒன்றையொன்று துரத்துகின்றன என்று எழுதியது. முதலாளி டெரிக் அதை வெட்டி என் தலைக்கு மேலே ஒட்டினார்.

வீட்டில் இவரிடம் சொன்னேன். "எழுதுறவை அப்பிடித்தான் எழுதுவினம். நீர் இசைத்தட்டைக் கேட்டனீரே?" என்றார்.

"எனக்கு எங்க நேரம்?"

மறுநாள் டெரிக் சாதாரணமாகக் கேட்டார்: "கோடையில் ஆறு வாரம் அமெரிக்காவில் கச்சேரியாம், அந்த இரண்டு பேருக்கும். உனக்குத் தெரியாதா?"

பாடகி

எனக்குத் தெரியாது. இவர் வாயே திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை, 'ஓம், போறன்' என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? நான்கு நாள் அப்படியே போனது.

ஐந்தாம் நாள் ரோசலினே கடைக்கு வந்தாள். மாதா பாட்டுகளுக்குப் பின்னால் தன் முகத்தைக் கண்டெடுத்தாள். என்னையும் அடையாளம் கண்டாள். இவரின் அக்கோடியன் பெட்டி மூடிக்குள் என் படம் ஒட்டியிருக்கிறதாம்.

"அமெரிக்காவுக்கு வரமாட்டேன் என்கிறார். நீங்கள் பிளாட்டில் தனியாகப் பயப்படுவீர்களாம். நீங்கள் சொன்னால் வருவார்" என்றாள். பிறகு மெதுவாக, "அவர் பக்கத்தில் நின்றால்தான் எனக்கு மேடையில் கால் நடுங்காது."

அந்தக் கடைசி வசனத்தை அவள் சொல்லாமல் விட்டிருக்கலாம். எனக்கும் இவர் பக்கத்தில் இருந்தால்தான் கால் நடுங்காது.

"ஆறு வாரம் ஏலாது," என்றேன். "மூன்று."

அவள் கடை அதிரச் சிரித்தாள்: "கணவரை வாடகைக்கு விடும் கடை இது என்று எனக்கு யாரும் சொல்லவில்லையே!"

இவர் மூன்று வாரம் போய், சொன்ன நாளுக்குத் திரும்பி வந்தார். அதற்குள் நான் அந்த இசைத்தட்டைக் கடைசியில் கேட்டேவிட்டேன். அதில் அவள் மூச்சு வாங்க நிறுத்தியதும் இவர் தனியே வாசிக்கும் இரண்டு நிமிடத்தைப்போல நல்ல இசை உலகத்தில் இல்லை.