ரமல்லாவுக்குக் கருவாடு

கூரியர் கடைக்காரியை உலகத்தில் இரண்டே பேர்தான் திட்டுவார்கள்: பொருளை அனுப்பினவர் ஒருவர், அது வந்து சேராதவர் ஒருவர். மாமல்லபுரம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கடை போட்டுப் பதினோரு வருஷமாகிறது. இந்தத் திட்டைத்தான் தினமும் காலை நாஸ்தாவாகச் சாப்பிடுகிறேன். டெக்சாஸுக்குப் பருப்புப்பொடி, ஜெர்மனிக்குக் கல் பிள்ளையார், சிங்கப்பூருக்கு ஊறுகாய் எல்லாம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் ஒருவரும் வந்து நன்றி சொல்வதில்லை. அதெல்லாம் பழகிவிட்டது. ஆனால் ஒன்றரை வருஷமாக ஒரே ஒரு முகவரி என் ரத்தக்கொதிப்பை ஏற்றிக்கொண்டிருக்கிறது. என்னைப் போலவே கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பேச்சு வாங்குகிற உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

பட்டியலில் பென்குவினுக்கு இடம் உண்டு

கன்னியம்மா கடப்பாக்கத்தில் மீன் விற்பவர். அவர் மகள் ரேவதி செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் பார்மசி படித்தாள். கூடப் படித்த யூசுப் பாலஸ்தீனக்காரர். இரண்டு வீட்டிலும் சண்டை போட்டு, இரண்டு வீட்டையும் சமாதானப்படுத்தி, அவரையே கல்யாணம் செய்துகொண்டு அங்கே போய்விட்டாள். ரமல்லா நகரத்துக்குப் பக்கத்தில் மலைமேல் ஒரு கிராமம். மகளுக்கு ஒரு புடவை, இரண்டு டஜன் கண்ணாடி வளையல், ஒரு பொட்டலம் முருங்கை விதை அனுப்ப வேண்டும் என்று கன்னியம்மா பஸ் ஏறி என் கடைக்கு வந்தார்.

முதல் கம்பெனியின் பட்டியலில் அப்படி ஒரு நாடே இல்லை. இரண்டாவதில் பெயர் இருந்தது, அழுத்தினால் ‘தற்சமயம் சேவை இல்லை’ என்று வந்தது. மூன்றாவது கம்பெனிக்குப் போன் போட்டேன். “பக்கத்து நாட்டுப் பேரைப் போட்டுடுங்க மேடம், எல்லாம் ஒரே ஏரியாதான்” என்றான் ஒரு மகராசன். நானும் போட்டிருப்பேன். நல்லவேளை, கன்னியம்மா மகளைப் போனில் பிடித்தார். “அக்கா, அந்தப் பேர போட்டீங்கன்னா இஸ்ரேல்காரங்க கட்டியிருக்கிற சுவத்துக்கு அந்தாண்ட இருக்கிற குடோனுக்குப் போயிடும். அங்க போறதுக்கு எங்களுக்குப் பர்மிட் இல்ல” என்றாள் ரேவதி. எனக்கு வந்த ஆத்திரத்தைக் கேட்காதீர்கள். மனுஷனே இல்லாமல் பென்குவின் மட்டும் குடியிருக்கிற தீவுக்குக்கூட அதே பட்டியலில் ஒரு வரி ஒதுக்கியிருக்கிறார்கள். கன்னியம்மா என் கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“நாடு கீது, ஊரு கீது, என் பொண்ணு அங்க சோறாக்கிகினு கீறா. ஒன் டப்பாலதான்மா ஒண்ணும் இல்ல.”

ஒரு பஸ் தூரம்

அன்றைக்கு வரிசையில் பின்னால் நின்றிருந்தவர் கல்பாக்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற இன்ஜினியர். பருப்புப்பொடி கேஸ் அவருடையதுதான். எதையும் படம் போட்டுத்தான் விளக்குவார். என் புக்கிங் பாரத்தின் பின்பக்கத்தை எடுத்து, கிழக்கே ஒரு கோடு போட்டு ஜோர்டான் ஆறு என்றார். அந்த ஆற்றுக்கு மேற்கே இருப்பதால்தான் ரமல்லா இருக்கிற பகுதிக்கு மேற்குக் கரை என்று பெயர். மற்றபடி முழுக்க மலையும் மேடும்தான், கடல் கிடையாது. தென்கிழக்கு மூலையில் ஒரு உப்பு ஏரி உண்டு, அதில் மீன் பிழைக்காது. கடல் உள்ள காசா தனியாக வேறொரு மூலையில் கிடக்கிறது. சொந்தத் துறைமுகம் இல்லை, விமான நிலையம் இல்லை. ஒரு சோப்பு டப்பா உள்ளே போக வேண்டுமென்றாலும் இஸ்ரேலின் துறைமுகத்தில் இறங்க வேண்டும், இல்லையென்றால் ஜோர்டான் பக்கமிருந்து ஆற்றுப் பாலம் வழியாக வர வேண்டும். அந்தப் பாலத்திலும் உள்ளே விடுவது இஸ்ரேல்காரர்கள்தான்.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்ட கன்னியம்மா, மகள் வீட்டிலிருந்து கடல் எவ்வளவு தூரம் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். இன்ஜினியர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, கடப்பாக்கத்திலிருந்து இந்தக் கடை எவ்வளவு தூரமோ ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும் என்றார். மலை உச்சியில் நின்றால் வானம் தெளிவாக இருக்கும் நாளில் கண்ணுக்கே தெரியும் என்றும் சொன்னார். ரேவதியோ அங்கே போய் இரண்டு வருஷமாகிறது, ஒரு நாள்கூடக் கடலில் கால் வைக்கவில்லை. கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்த பெண். கன்னியம்மாவுக்கு இன்ஜினியரின் படம் புரிந்துவிட்டது, நியாயம்தான் புரியவில்லை.

“நான் ஒரு பஸ்ஸ புட்ச்சி டிக்கெட் எடுத்து வந்துட்டேன் சார். அதே தூரம் போறதுக்கு அவ எவன்கிட்ட சீட்டு வாங்கணும்?”

தொலையவில்லை, நிற்கிறது

நாலாவது கம்பெனி பார்சலை எடுத்துக்கொண்டது. ஜோர்டான் வரை ஒரு வாரத்தில் பறந்து போனது. அதற்குப் பிறகு டிராக்கிங்கில் ஒரே வரி: ‘பரிசோதனையில் உள்ளது’. மாசி போய்ப் பங்குனி வந்தது, பங்குனி போய்ச் சித்திரை வந்தது, வரி மட்டும் அசையவில்லை. கன்னியம்மா வாரம் தவறாமல் வியாபாரம் முடித்து, காலிக் கூடையோடு வந்து, கேட்டுவிட்டுப் போவார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாகிவிட்டது. புடவைக்குள் இத்தனை மாதமாக என்னதான் பரிசோதிக்கிறார்கள்? ஒரு நாள் பொறுக்க முடியாமல் கம்பெனியின் சென்னை ஆபீசுக்குப் போன் செய்து கத்தினேன். எடுத்த அதிகாரி கோபப்படவே இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

“மேடம், உங்க பார்சல் தொலையல, நிக்குது. தொலைஞ்சாதான் நாங்க பதில் சொல்லணும்.”

செதுக்கினவன் ஒருவன்

அந்தப் பார்சல் ஐந்தாம் மாதம் போய்ச் சேர்ந்தது. முருங்கை விதையைக் காணோம், வளையலில் பாதி தூள். ரேவதி வீடியோ காலில் வந்து உடையாத வளையல்களைப் போட்டுக் காட்டினாள். அந்த நேரம் கல் பட்டறை வைத்திருக்கும் ஏழுமலை, ஜெர்மனிக்கு விளக்குத் தூண் புக் செய்ய வந்திருந்தார். அவருக்கு வளையல் கண்ணில் படவில்லை, அவளுக்குப் பின்னாலிருந்த வெள்ளைக் கல் சுவர்தான் பட்டது. “இன்னாம்மா அது, கல்லு சொம்மா தயிரு மாதிரி கீதே” என்று போனைப் பிடுங்கிக்கொண்டார்.

ரேவதி சொன்னாள். அந்த மலைகளின் சொத்தே இரண்டுதான், அந்தக் கல்லும் ஆலிவ் மரமும். மாமனார் கல் அறுக்கும் வேலைக்குத்தான் போகிறார். அந்தக் கல்லில் நிறைய, அடுத்தவன் துறைமுகம் வழியாகப் போகும்போது அடுத்தவன் ஊர்க் கல் என்ற பெயரோடுதான் வெளிநாட்டில் இறங்குகிறது. ஆலிவ் தோப்பு சுவருக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. கேட்டைத் திறந்துவிடுகிற நாளில்தான் சொந்தத் தோப்பில் காய் பறிக்க முடியும். தண்ணீரும் கரண்டும்கூடப் பெரும்பாலும் இஸ்ரேல்காரர்களிடம்தான் விலைக்கு வாங்க வேண்டும். ஊருக்குள் வரும் சரக்குக்கு வரியை வசூலிப்பதும் அவர்கள்தான், மனசு வந்தால் பாலஸ்தீன அரசாங்கத்துக்குக் கொடுப்பார்கள், வராவிட்டால் பிடித்துக்கொள்வார்கள். அதனால் அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்தாளுநராக இருக்கும் யூசுப்புக்குப் பாதிச் சம்பளம்தான் வருகிறது. ஏழுமலை போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் தூணைத் தடவிக்கொண்டு நின்றார்.

“எங்கப்பன் செதுக்குன நந்திய ஷோரூம்காரன் தன் பேர போட்டு வித்தான், அவன் ஒரு ஆளு, திருட்டுப்பயன்னு உட்டுட்டேன். ஊரு மொத்தத்துக்கும் இப்புடி பண்ணா யாராண்டம்மா போய் சொல்றது?”

கண் உள்ள மசாலா

பிறகு ரேவதி முழுகாமல் இருக்கிறாள் என்று சேதி வந்தது. கன்னியம்மா என் கடையில் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தார். அடுத்த வாரமே வேறொரு முகத்தோடு வந்தார். மகளுக்கு எது தின்றாலும் குமட்டுகிறதாம், நெத்திலிக் கருவாடு வேண்டும் என்று போனில் அழுகிறாளாம். அந்த ஊர்ச் சந்தையில் ஐஸ் மீன் கிடைக்கும், கருவாட்டுக்கு எங்கே போவது? “மசக்கக்காரி வாயத் தொறந்து கேட்டத குடுக்கலன்னா, பொறக்குற புள்ளைக்குக் காதுல சீழ் வடியும்மா” என்று சொல்லி, சணல் பை ஒன்றை என் மேஜையில் வைத்தார். அரைக் கிலோ, தன் கையால் காயவைத்தது.

மீன் சமாச்சாரம் எதுவும் ஏற்றக்கூடாது என்பது விதி. அது எல்லா நாட்டுக்கும் பொது, அதில் நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன். காதில் சீழ் வடியும் என்பதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் பன்னிரண்டு வாசல் உள்ள வீட்டுக்கு ஒரு வாசலை அடைத்தால் இன்னொன்று உண்டு, இவள் வீட்டுக்கு இருப்பதே ஒரு வாசல், சாவியும் அடுத்தவன் இடுப்பில். அந்தக் கோபத்தில் புத்தி கெட்டு, மூன்று சுற்று பிளாஸ்டிக் உறை போட்டு, நடுவில் மிளகாய்த்தூள் வைத்து, பாரத்தில் ‘வீட்டு மசாலா’ என்று எழுதினேன். செய்யக்கூடாது. நீங்களும் செய்யாதீர்கள். மறுநாள் மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து போன் வந்தது. பெட்டியைப் பிரித்த கூரியர் கம்பெனி சூப்பர்வைசர், என்னோடு பத்து வருஷப் பழக்கம். அவர் குரலில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை.

“மேடம், உங்க மசாலா என்னைப் பாக்குது.”

கோட்டுப் பாக்கெட்

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, கருவாடு கடைக்குத் திரும்பியது. கன்னியம்மா சோர்ந்து போகவில்லை. யூசுப்பின் ஊர்ப் பெண் லினா அதே கல்லூரியில் படிக்கிறாள், விடுமுறைக்கு ஊருக்குப் போகிறாள் என்று விசாரித்து வைத்திருந்தார். லினா என் கடைக்கே வந்து பையை வாங்கிக்கொண்டாள். மறைக்க மாட்டேன், கேட்டால் மீன் என்றுதான் சொல்வேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

சென்னையிலிருந்து தோஹா, அங்கிருந்து அம்மான், அங்கிருந்து பஸ்ஸில் ஆற்றுப் பாலம். குளிரில் அரை நாள் நிற்க வைத்தார்கள். பெட்டியைத் திறந்த ஆள் முகர்ந்து பார்த்தான், என்ன என்று கேட்டான், அவள் மீன் என்றாள், பையோடு தூக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டான். பாலத்தைத் தாண்டி வந்தால், ஊருக்குப் போகும் சாலையில் இஸ்ரேல் ராணுவம் இரும்புக் கேட்டைப் பூட்டியிருந்தது. டாக்ஸியை விட்டு இறங்கி, பெட்டியை இழுத்துக்கொண்டு கேட்டைச் சுற்றி மேட்டில் ஏறி நடந்தாள். ரேவதியின் வீட்டு வாசலில் கோட்டைக் கழற்றும்போதுதான், அம்மானில் பை பிரிந்து கொட்டியபோது அள்ளிப் பாக்கெட்டில் போட்டது அவளுக்கு நினைவு வந்திருக்கிறது. எண்ணிப் பார்த்தால் ஐந்து நெத்திலி.

ரேவதி அந்த ஐந்தையும் வறுத்துச் சோற்றோடு சாப்பிட்டாள். ஆறு வாரத்தில் அன்றைக்குத்தான் சாப்பிட்டது வயிற்றில் தங்கியதாம். யூசுப் என் போனுக்குச் செய்தி அனுப்பியிருந்தார். அதைக் கன்னியம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஒரு பிள்ளைத்தாய்ச்சி கேட்ட அரைக் கிலோ கருவாடு, உலகத்தின் பாதியைச் சுற்றிப் போய் ஐந்து மீனாகச் சேருகிறதே, இது என்ன உலகம் என்று கத்தினேன். கன்னியம்மா என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

“அஞ்சு போய் சேந்துச்சா? புள்ளைக்கி ரெண்டு காதுதானம்மா, போதும் உடு.”

ஆக, இருக்கிற கூரியர் கம்பெனி எல்லாம் சேர்ந்து செய்ய முடியாததை ஒரு பெண்ணின் கோட்டுப் பாக்கெட் செய்து முடித்துவிட்டது என்பதால், என் கடை போர்டில் ‘உலகெங்கும் அனுப்பப்படும்’ என்று இருப்பதை வரும் வெள்ளிக்கிழமை பெயின்ட் அடித்து மறைத்துவிடலாம் என்றிருக்கிறேன்.