பாஷைமேல் போட்ட பழி

போன வெள்ளிக்கிழமை விடிந்ததும் திருப்பதியிலிருந்து போன் வந்தது. அனசூயா அக்காவின் மகள் லட்சுமி பேசினாள். “சின்னம்மா, அம்மா பூட்டாங்க. காபி கேட்டாங்க. கலந்துக்கினு வர்றதுக்குள்ள…” என்றாள். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. அக்கா சொன்னதைக் கடைசிவரை காதில் வாங்காமலே அவளை அனுப்பிவிட்டார்களே என்று.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். தெரிந்த மட்டும் எழுதுகிறேன். படிக்கப் போகிறவர்கள் எல்லாம் அவளை அறிந்தவர்கள்தான். அவள் நல்லவள் என்று நான் சொல்லத் தேவையில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

அக்கா என் ஓரகத்தி. என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. பிறந்த வீடு கங்காதர நெல்லூர்ப் பக்கம், அங்கே தெலுங்கு பேசுவார்கள். நாங்கள் இருந்தது நகரிக்குப் பக்கத்தில், தமிழ் வீடு. அவள் பேசுவது தமிழ்தான். கொஞ்சுவதும் திட்டுவதும் மட்டும் தெலுங்கில்.

என் மகன் வேலுவுக்கு அப்போது இரண்டு வயது தாண்டியிருந்தது. பேச்சில்லை. நைனா என்று கொஞ்ச நாள் சொன்னான், அதுவும் நின்றுபோனது. கூப்பிட்டால் திரும்ப மாட்டான். வண்டிச் சக்கரம் சுற்றினால் அதையே பார்த்துக்கொண்டு நிற்பான். எங்கள் ஊர் மதராஸோடு போகுமா, ஆந்திராவில் நிற்குமா என்று தினமும் கூட்டம் நடந்த காலம் அது. என் மாமனார் மதராஸ் கட்சி. வீட்டில் இரண்டு பாஷை இருப்பதால்தான் பிள்ளை குழம்பிப்போனான் என்று அவர் முடிவு கட்டினார். இனி பேரன் காதில் தெலுங்கு விழக்கூடாது என்று அக்காவுக்கு உத்தரவு போட்டார்.

அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அவனிடம் எந்தப் பாஷையும் பேசுவதை விட்டுவிட்டாள். எல்லாம் கைஜாடைதான். ஒரு இடுப்பில் லட்சுமி, ஒரு இடுப்பில் வேலு. லட்சுமி அவனைவிடச் சின்னவள். சுவரில் காக்காய் உட்கார்ந்தால் அக்கா இரண்டு பேருக்கும் விரலை நீட்டிக் காட்டுவாள். இப்படியே பல நாள் பார்த்துவிட்டு, ஒருநாள் ஆண்கள் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது மாமனாரிடம் சொன்னாள்.

“பாஷ இல்ல மாமா இது. நான் வாயே தெறக்கல. என் பொண்ணு காக்காவப் பாக்குது, அப்புறம் திரும்பி என் மூஞ்சப் பாத்துச் சிரிக்குது. வேலு ரெண்டையும் பாக்கல. நான் சொல்றது தப்பா இருந்தா இருக்கட்டும். டாக்டருகிட்ட காட்டுங்க.”

“உன் பொண்ண ஒசத்தி என் பேரனத் தாழ்த்தறியா?” என்று அவர் இலையை விட்டு எழுந்துவிட்டார். அன்று மாலையே மாமியார் வேலுவுக்கு மிளகாய் சுற்றிப் போட்டார். யார் கண்ணுக்காக என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். நான் என் வீட்டுக்காரரிடம் போய் நின்றேன். அவர் தன் அப்பா முகத்தைப் பார்த்தார்.

மாதக்கணக்கில் கெஞ்சிய பிறகு சித்தூருக்குக் கூட்டிப்போனார்கள். டாக்டர் வேலுவின் பின்னால் நின்று கை தட்டினார். திரும்பினான். காது நன்றாக இருக்கிறது, ஆண் பிள்ளை தாமதமாகத்தான் பேசும் என்று அனுப்பிவிட்டார். பஸ்ஸில் அக்கா ஆறவே இல்லை. “கை தட்டினா திரும்பறான், பேர் சொன்னா திரும்பல. காது நல்லா கீதுன்னா, அப்புறம் ஏன் திரும்பலன்னு கேக்க வேணாவா?” என்றாள். யார் கேட்டார்கள்?

எல்லைத் தகராறு முடிந்தது. எங்கள் ஊர் ஆந்திராவிலேயே நின்றது. பிள்ளை பேசவில்லை. அதற்கும் ஆந்திராதான் காரணம் என்றார் மாமனார். பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். திமிர் பிடித்தவன் என்று வாத்தியார் அடித்தார். அழுத்தக்காரன் என்று வீட்டிலும் அடித்தார்கள். அக்கா குறுக்கே நின்று பல அடிகளை வாங்கியிருக்கிறாள். என் வயிறு எரிவது இதற்குத்தான். அன்றைக்கே புரிந்துகொண்டிருந்தால் வேலு பேசியிருப்பானா, எனக்குத் தெரியாது. அந்த அடிகளாவது மிச்சமாகியிருக்கும்.

தண்ணீர் வேண்டுமென்றால் வேலு கேட்க மாட்டான். அக்காவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய்ச் சொம்பின்மேல் வைப்பான். பெரியம்மாமேல் எவ்வளவு பாசம் பார் என்று வந்தவர்கள் சொல்வார்கள். “என்னக் கூப்டல அவன். என் கையத்தான் இட்டுக்கினு போறான்” என்பாள். சொல்லிக்கொண்டே அவனோடு போவாள். ஒரு நாளும் கையை உதறியதில்லை.

வேலுவுக்கு நாற்பது தாண்டிய பிறகு திருப்பதியில் ஒரு டாக்டரம்மா அதை ஆட்டிசம் என்றார். சின்ன வயதில் எப்படி இருந்தான் என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, பதில் சொன்னது அக்காதான். வெளியே வந்ததும், “புள்ளைக்குத் தல நரைக்குது, அதுக்கு இப்பத்தான் பேர் வெக்கறாங்க” என்றாள். சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சாவு வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். நம் சொந்தத்தில் ஒரு பெண் தன் குழந்தையோடு வந்திருந்தாள். ஒன்றரை வயது இருக்கும். ஒரு டப்பா மூடியைத் தரையில் சுற்றவிட்டுக்கொண்டே இருந்தது. அவள் குழந்தையின் பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டாள். அது நிமிரவே இல்லை. பக்கத்தில் இருந்தவர்கள் செல்போன் பார்ப்பதால் என்றார்கள். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, டிவியில் இங்கிலீஷ், குழந்தை எதைத்தான் பேசும் என்றார்கள். இத்தனை வருஷம் கழித்தும் பழி பாஷைமேல்தான்.

நான் அவளருகே போய் உட்கார்ந்தேன். “ஒண்ணும் இல்லாமக்கூட இருக்கும்மா. ஆனா புள்ளங்க டாக்டருகிட்ட ஒரு தபா காட்டு. காது மட்டும் பாத்து அனுப்பினா எழுந்து வராத. கூப்டா ஏன் திரும்பலன்னு கேளு” என்றேன்.

அவள் முகம் கறுத்துவிட்டது. “சாவு வூட்ல பேசற பேச்சா இது?” என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். லட்சுமிகூட என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

பார்க்கட்டும். அக்காவின் புடவையை, வளையலை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும். திட்டு வாங்கினாலும் சொல்லிவிடுவாள், அந்தக் குணத்தை நான் எடுத்துக்கொண்டேன். காரியத்துக்கு அந்தப் பெண் வருவாள். குழந்தையைக் காட்டினாயா என்று எல்லார் எதிரிலும் கேட்பேன்.