ஜப்பானில் பார்த்த சப்பாத்து

1. பிரின்சிபல் திரும்பி வந்தார்

சிங்கப்பூர் தோ பாயோவில் ஓர் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் இருந்த பாலர்பள்ளியில் பதினெட்டு ஆண்டுகள் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். எங்கள் பிரின்சிபல் சரோஜா வெளிநாடு போனாலே ஒரு புதுத் திட்டத்தோடுதான் திரும்புவார். பின்லாந்து போய் வந்தவர், பிள்ளைகளை மழையில் விளையாட விடச் சொன்னார். மூன்றாம் நாள் இடிமின்னல் எச்சரிக்கை விளக்கு எரிந்தது, பின்லாந்து முடிந்தது. அடுத்து ஜப்பான்.

"ஃபரீதா, அங்க மூணு வயசுப் பிள்ளை தானே சப்பாத்து போடுது! நம்ம பிள்ளைங்க ராஜா மாதிரி காலை நீட்டிக்கிட்டு உக்காந்திருக்கு. நாமளும் நாளைக்கே ஆரம்பிக்கிறோம்."

"நல்லதுதான் மேடம். நேரம்?"

"உங்க தமிழ் கிளாஸ்ல இருபது நிமிஷம் எடுத்துக்கலாம்லா."

இருந்ததே நாற்பது நிமிடம். எந்த நாட்டிலிருந்து எது வந்தாலும் நகர்ந்து இடம் விடுவது தமிழ்தான்.

2. ராக்குக்கு முன்னால்

கோபத்தில் வகுப்பையே பிள்ளைகள் காலணிகளைக் கழற்றி அடுக்கும் சப்பாத்து ராக்குக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தேன். இடது, வலது, பட்டையை இழு, ஒட்டு. படம் காட்டிக் காட்டியும் வராத சொற்கள் ஒரே வாரத்தில் வந்தன.

நிலாவுக்கு ஐந்து வயது. வீட்டில் ஆங்கிலம் மட்டும்தான். வகுப்பில் தலையை ஆட்டுவாள், அதோடு சரி. ஒருநாள் அவளுக்கு உதவக் குனிந்தேன். என் கையைத் தட்டிவிட்டாள்.

"நானே போடுறேன்!"

அவள் பேசிய முதல் முழுத் தமிழ் வாக்கியம் அது. சப்பாத்து இடம் வலமாக மாறியிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சரோஜாவை மனதுக்குள் மன்னித்தேன்.

3. புகார்

மூன்று வாரம் கழித்து நிலாவின் அம்மா வாசலில் என்னைப் பிடித்தார்.

"டீச்சர், காலையில மெய்டைச் சப்பாத்து தொடவே விடமாட்டேங்குறா. நானே, நானேன்னு பத்து நிமிஷம்! எனக்கு மீட்டிங் இருக்குலா. கொஞ்சம் சொல்லுங்க."

"என்னன்னு சொல்றது?"

"ஸ்கூல்ல இண்டிபெண்டண்டா இருக்கட்டும், வெரி குட். வீட்ல வேணாம்னு."

இதே புகார் இன்னும் நாலு வீட்டிலிருந்து சரோஜாவுக்குப் போனது. அவர் என்னைக் கூப்பிட்டார்.

"சப்பாத்தை நிறுத்திடலாம். ஜப்பான்ல பேரண்ட்ஸ் வேற மாதிரி."

"அப்ப என் இருபது நிமிஷம்?"

"அதுல டென்மார்க்கை வைக்கலாம்னு பாக்குறேன்."

அடுத்த மாதம் ஒரு மாலை கூட்டிப்போக வீட்டுப் பணிப்பெண் வந்து நின்றதும் நிலா பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டினாள்.

"நீயே போடேன்மா," என்றேன்.

"ஆன்ட்டி வில் டூ இட், டீச்சர்," என்றாள்.



புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எந்த நாட்டுக்கும் போய்ப் பாருங்கள், போட்டோவும் எடுங்கள். பிள்ளை சப்பாத்து போடுவதை மட்டும் எடுத்துக்கொண்டு வராதீர்கள். பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு, குனிந்து உதவாமல், பிள்ளை போட்டு முடிக்கும்வரை காத்து நிற்கிறாரே ஒரு பெரியவர், அவரையும் சேர்த்து எடுங்கள். அந்தப் படத்தைப் பெற்றோருக்கு முதலில் காட்டுங்கள்.